ஷாங்காய் போகிறீர்களா? பெட்டிக்கு முன் கைபேசியைத் தயார் செய்யுங்கள்

ஷாங்காய்க்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் என்னென்ன பார்ப்பது என்று பட்டியல் போடுவதிலேயே நாட்களைச் செலவழிக்கிறார்கள். அது அவ்வளவு சிரமமான வேலை இல்லை. முக்கியமான இடங்கள் எல்லாமே மெட்ரோவில் இறங்கி நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. பலரும் திண்டாடுவது வேறு விஷயங்களில். கடையில் பணம் கட்ட முடியவில்லை, வங்கியின் ஓடிபி வரவில்லை, வரைபடம் தெருவைத் தள்ளிக் காட்டுகிறது, அருங்காட்சியகத்தில் முன்பதிவு கேட்கிறார்கள். இவை அனைத்தையும் ஊரில் இருக்கும்போதே சரிசெய்துவிடலாம். அங்கே போய்ச் சரிசெய்வதுதான் கடினம். ஆகவே பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா எடுத்துத்தான் போக வேண்டும். சுற்றுலாவுக்கானது எல் வகை. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்தும், மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பரஸ்பர ஒப்பந்தப்படியும், 30 நாள் வரை விசா தேவையில்லை.

240 மணி நேர இடைத்தங்கல் சலுகை என்று ஒன்று இருக்கிறது. இதைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டு, எல்லோருக்கும் பொருந்தும் என்று நம்பி விமான நிலையம் வரை வந்து திரும்புகிறவர்கள் உண்டு. இது 55 நாடுகளின் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் இருக்கின்றன. பட்டியலில் இருந்தாலும் ஒரு நிபந்தனை உண்டு: வந்த நாட்டுக்கே திரும்பக் கூடாது, மூன்றாவது ஒரு நாட்டுக்கோ பகுதிக்கோ போக வேண்டும். லண்டன்–ஷாங்காய்–லண்டன் செல்லாது, லண்டன்–ஷாங்காய்–சிங்கப்பூர் செல்லும். ஹாங்காங்கையும் தனிப் பகுதியாகவே கணக்கில் எடுப்பார்கள். உறுதியான இருக்கையுடன் அடுத்த பயணச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். கிளம்பும் விமான நிலையத்தில் விமான நிறுவனத்தாரே அதைக் கேட்பார்கள்.

வருகை அட்டையை 2025 நவம்பர் முதல் இணையத்திலேயே நிரப்பலாம். கிளம்புவதற்கு முன் நிரப்பிவிட்டால், இரவு விமானத்தில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கிப் பேனா தேட வேண்டியதில்லை.

இணையம்: எந்த சிம் என்பதுதான் கேள்வி

கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம், பேஸ்புக் எதுவும் சீனாவின் உள்ளூர் இணையத்தில் திறக்காது. விடுதி வைஃபையும் உள்ளூர் இணையம்தான். ஆனால் வெளிநாட்டு சிம் ரோமிங்கில் ஓடும்போது தரவு அந்த நிறுவனத்தின் சொந்த நாட்டு வலையமைப்பு வழியாகப் போய்வருவதால், இவை எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். பயண இ-சிம்களும் (அட்டை இல்லாத மின்னணு சிம்) பெரும்பாலும் இதே முறையில் இயங்குபவைதான். வாங்கும் முன், எந்த நாட்டின் வழியாகத் தரவு போகிறது என்று விவரக் குறிப்பில் பாருங்கள். ஹாங்காங், சிங்கப்பூர் என்று இருந்தால் சரி.

இணையத் தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் செயலியை நம்பிப் போக வேண்டாம். அனுமதி பெறாத விபிஎன்னுக்கு அங்கே சட்ட அங்கீகாரம் இல்லை. தவிர, முக்கியமான நேரத்தில் அறுந்துபோகும். ரோமிங் இ-சிம் இருந்தால் அதன் தேவையே வராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இ-சிம் போட்டதும் பலர் ஊர் சிம்மைக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது அணைத்துவிடுகிறார்கள். அடுத்த நாள் வங்கி அனுப்பும் ஓடிபி வந்து சேராது, கார்டு முடங்கிவிடும். ஆகவே ஊர் சிம் கைபேசியிலேயே இருக்கட்டும். அதில் ரோமிங் குறுஞ்செய்தி வருமா என்று நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த சிம்மின் தரவை மட்டும் அணைத்து, தரவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கைபேசியில் இ-சிம் வசதி இல்லாவிட்டால் இரண்டு சிம் போடும் கைபேசியைக் கொண்டுபோங்கள்.

பணம்: அலிபே, வீசாட்

ஷாங்காயில் காய்கறி விற்கும் பாட்டி முதல் பெரிய வணிக வளாகம் வரை க்யூஆர் கோடுதான். யுபிஐ பழகியவர்களுக்கு முறை புதிதல்ல, செயலிதான் புதிது. அலிபே, வீசாட் என்ற இரண்டு சீனச் செயலிகளிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டுகளை இணைக்கலாம். இரண்டையும் வைத்திருங்கள், ஒன்று தகராறு செய்தால் மற்றொன்று கைகொடுக்கும். முதலில் அலிபேயில் தொடங்குங்கள், அதுதான் வெளிநாட்டவருக்குச் சுலபம்.

உங்கள் ஊர் கைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். அடையாளச் சரிபார்ப்பில் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தைப் பதிவேற்றுங்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பாவின் பெயர் முழுசாக அங்கே போய் உட்கார்ந்திருக்கும். செயலியோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். ஊகித்து எழுதாதீர்கள். படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறி போன்ற அடையாளங்களோடு இரண்டு வரிகள் இருக்கும். அதில் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்தில் இருக்கிறதோ, அதையே எல்லா இடத்திலும் பின்பற்றுங்கள்: அலிபே, ரயில் டிக்கெட், அருங்காட்சியக முன்பதிவு, விடுதி. ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் முழுப்பெயர் என்று போட்டால் வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

கார்டை இணைப்பதற்கு முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள். இந்திய வங்கிகள் இதை மூடியே வைத்திருக்கும். வரம்பையும் உயர்த்துங்கள். வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கார்டுகளை இணைப்பது நல்லது. ஒரு வங்கி சந்தேகப்பட்டுத் தடுத்தால் இன்னொன்று இருக்கும். வீசாட்டில் புதுக் கணக்கு தொடங்கும்போது, ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் ஒரு கோடை ஸ்கேன் செய்து உங்களை உறுதிப்படுத்த வேண்டும் என்று கேட்கக்கூடும். அப்படிப்பட்ட ஒருவரை ஊரில் தேடிப்பிடிப்பது எளிது. விமான நிலையத்தில் அல்ல.

கட்டணக் கணக்கு இப்படி: ஒரு முறை கட்டும் தொகை 200 யுவானுக்குள் இருந்தால் செயலி கூடுதல் கட்டணம் எடுக்காது. அதைத் தாண்டினால் 3 சதவீதம். உணவகத்தில் 360 யுவான் பில் வந்தால் இருவர் ஆளுக்கு 180 கட்டிவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் இதில் சேராது, அது தனி.

கட்டும் முறை இரண்டு. ஒன்றில் உங்கள் திரையில் இருக்கும் கோடை அவர்கள் ஸ்கேன் செய்வார்கள். மற்றொன்றில் கடையில் ஒட்டியிருக்கும் கோடை நீங்கள் ஸ்கேன் செய்து தொகையைத் தட்ட வேண்டும். முதல் முறையில் தவறு வருவது அரிது. இரண்டாவதில், சிறு வியாபாரிகள் சிலர் கடைக்கான கோடு வாங்காமல் தங்கள் சொந்தக் கணக்கின் கோடையே ஒட்டியிருப்பார்கள். வெளிநாட்டு கார்டு தனிநபருக்குப் பணம் அனுப்ப அனுமதிக்காது என்பதால் அங்கே பணம் போகாமல் நிற்கும். இந்த ஓர் இடத்துக்காகவே 10, 20 யுவான் தாள்களாக 300 யுவான் பணமாக வைத்திருங்கள். 100 யுவான் தாளுக்குச் சில்லறை கிடைப்பது கஷ்டம். கோடைக் காட்டும்போது திரைப்பிடிப்பைக் காட்டக் கூடாது. அது சற்று நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

பணம், டிக்கெட், வரைபடம் எல்லாம் ஒரே கைபேசியில் இருப்பதால், மின்சாரம் தீர்ந்தால் அன்றைய நாளே முடிந்துவிடும். பவர் பேங்க் அவசியம் வேண்டும். சீனாவுக்குள் விமானத்தில் பறக்கும் திட்டம் இருந்தால், 2025 ஜூன் 28 முதல் 3சி என்ற சீனத் தரமுத்திரை தெளிவாகத் தெரியும் பவர் பேங்குகளை மட்டுமே உள்நாட்டு விமானங்களில் அனுமதிக்கிறார்கள். ஊரில் வாங்கியதில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது, பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள். அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கடைகளிலும் உணவகங்களிலும் அலிபேயில் ஸ்கேன் செய்து மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் பவர் பேங்க் அடுக்குகளும் உண்டு. ஓரிடத்தில் எடுத்ததை அதே நிறுவனத்தின் இன்னோர் அடுக்கில் செருகித் திருப்பிவிடலாம்.

மின்சாரம் 220 வோல்ட்தான். நம் ஊர் மூன்று உருண்டை முள் பிளக் நுழையாது. தட்டையான இரண்டு முள் அல்லது சாய்வான மூன்று முள் அடாப்டர் வேண்டும்.

வரைபடமும் மொழிபெயர்ப்பும்

கூகுள் வரைபடம் ரோமிங்கில் திறக்கும், ஆனாலும் அதை நம்பாதீர்கள். சீனாவில் சட்டப்படி வரைபடங்கள் திரிக்கப்பட்ட ஓர் ஆயத்தொலை முறையில் வருகின்றன. அதனால் செயற்கைக்கோள் படமும் தெருவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் சில நூறு மீட்டர் வரை விலகி நிற்கும். கடைகளின் விவரமும் பழையது. ஆமேப் என்ற சீன வரைபடச் செயலியை நிறுவி ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருந்தால் ஆப்பிள் வரைபடமே போதும். சீனாவுக்குள் அதுவும் ஆமேப்பின் தரவைத்தான் காட்டுகிறது.

மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை இறக்கி வையுங்கள். விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் படமாகச் சேமியுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதிய முகவரி டாக்சி ஓட்டுநர்களுக்குப் பெரும்பாலும் உதவாது.

எங்கே தங்குவது

வானுயர்ந்த கட்டடங்களைப் பார்த்ததும் ஹுவாங்பூ ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள லூஜியாசுய் பகுதியில் தங்கத்தான் ஆசை வரும். அங்கே பகலில் அலுவலகக் கூட்டம். இரவு ஒன்பது மணிக்குமேல் தெருவில் சாப்பிடக்கூட அதிகம் இருக்காது. ஒவ்வொரு சாலையையும் கடக்கவே வெகுதூரம் நடக்க வேண்டும். ஆற்றின் மேற்குக் கரையில், மெட்ரோ 2ஆம் தடத்தில் மக்கள் சதுக்கம் முதல் ஜிங்ஆன் கோயில் வரை உள்ள பகுதியே வசதியானது. இரண்டு விமான நிலையத்துக்கும் அந்தத் தடம் போகிறது. மறுநாள் அதிகாலை ரயில் பிடிக்க வேண்டியிருந்தால் மட்டும் கடைசி இரவை, பெரிய ரயில் நிலையம் உள்ள ஹோங்சியாவ் பக்கம் வையுங்கள்.

வெளிநாட்டவர் எவரானாலும் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தங்குமிடத்தைப் பதிவு செய்ய வேண்டும். விடுதியில் பாஸ்போர்ட்டை வாங்கி அவர்களே செய்துவிடுவார்கள். உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ தங்கினால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நீங்களே போக வேண்டும். சிறிய விடுதிகள் சிலவற்றில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்யத் தெரியாமல் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். மறுக்கக் கூடாது என்று 2024இல் அரசு சொல்லியிருக்கிறது என்றாலும், நள்ளிரவில் வாதாடுவதைவிட, வெளிநாட்டு விருந்தினரின் விமர்சனங்கள் உள்ள விடுதியைப் பதிவு செய்வது மேல்.

பூதோங்கில் இறங்கியதும்

நகர மையத்திலிருந்து பூதோங் விமான நிலையம் சுமார் 45 கிலோமீட்டர். 2ஆம் தட மெட்ரோ நேராக மக்கள் சதுக்கத்துக்குப் போகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும், கட்டணம் பத்து யுவானுக்குள். பெட்டி அதிகமாக இருந்து மூன்று பேருக்குமேல் போனால் டாக்சி எடுங்கள், 200 யுவான் பக்கம் வரும். டாக்சி என்றால் வரிசை போட்டு ஏற்றும் இடத்தில்தான் ஏற வேண்டும். வருகைக் கூடத்திலேயே வந்து டாக்சி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்கிறவர்கள் பின்னால் போனால் இரண்டு மூன்று மடங்கு பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

காந்த ரயில் இருக்கிறதே என்பீர்கள். 30 கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் கடக்கிறது. கட்டணம் 50 யுவான், அன்றைய விமானச் சீட்டைக் காட்டினால் 40. முன்பு மணிக்கு 431 கிலோமீட்டர் வேகம் தொட்டது, இப்போது 300க்குள் ஓட்டுகிறார்கள். பெட்டியின் கதவுக்கு மேலே வேகம் எண்ணாக ஏறுவதைப் பார்க்கலாம். ஆனால் அது லோங்யாங் சாலை நிலையத்தோடு நின்றுவிடும். அங்கே இறங்கிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மீண்டும் மெட்ரோ மாற வேண்டும். பாரம் இல்லாமல் இருந்தால் ஒருமுறை ஏறிப் பாருங்கள். 2024 டிசம்பரில் தொடங்கிய விமான நிலைய இணைப்பு ரயில் ஹோங்சியாவுக்கு 40 நிமிடத்தில் போகிறது. இறங்கியதும் அங்கிருந்து வேறு ஊருக்கு ரயில் ஏறுகிறவர்களுக்கு அதுதான் சரி.

இரவு பத்து மணிக்குமேல் தரையிறங்கும் விமானம் என்றால் மெட்ரோவை எண்ணிக்கொண்டு போக வேண்டாம். குடியேற்றச் சோதனை முடிந்து பெட்டி வருவதற்குள் கடைசி வண்டி போயிருக்கும்.

மெட்ரோ

1993இல் தொடங்கி, இன்று 800 கிலோமீட்டருக்குமேல் நீளும் வலையமைப்பு இது. முதல் 6 கிலோமீட்டருக்கு 3 யுவான். பிறகு ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 1 யுவான் கூடும். 24 மணி நேரச் சீட்டு 18 யுவான், 72 மணி நேரச் சீட்டு 45. ஒரு நாளில் ஐந்து முறைக்குமேல் ஏறி இறங்கினால்தான் நாள் சீட்டால் லாபம்.

அலிபேயில் போக்குவரத்துப் பகுதிக்குப் போய் ஷாங்காயைத் தேர்ந்தெடுத்து மெட்ரோ கோடைச் செயல்படுத்துங்கள். உள்ளே போகும்போது வாயிலின் கண்ணாடிப் பரப்பில் திரையைக் காட்ட வேண்டும். வெளியே வரும்போது அதே கைபேசியை மறுபடி காட்ட வேண்டும். ஒரு கோடில் இருவர் போக முடியாது. கைபேசி இல்லாத பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இயந்திரத்தில் ஒற்றைச் சீட்டு எடுங்கள். திரையின் மூலையில் ஆங்கில மாற்றுப் பொத்தான் இருக்கும். 1.3 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குப் பெரியவரோடு வந்தால் இலவசம். வெளியேறும்போது கோடு ஏற்கவில்லை என்றால் பதற வேண்டாம். உள்ளே வந்த பதிவு விழுந்திருக்காது. வாயிலை ஒட்டிய சேவை அறையில் எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்று காட்டினால் சரிசெய்துவிடுவார்கள்.

ஒவ்வொரு நிலையத்திலும் பைகளை எக்ஸ்ரேயில் வைக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் இருந்தால் ஒரு மிடறு குடித்துக்காட்டச் சொல்லலாம். பழம் நறுக்கும் கத்தியை விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

நிலையத்தின் பெயரைவிட வெளிவாயில் எண் முக்கியம். மக்கள் சதுக்கத்தில் ஏறக்குறைய இருபது வாயில்கள் உண்டு. தப்பான வாயிலில் ஏறினால் பல வழிச்சாலையின் மறுபுறத்தில் நிற்பீர்கள். ஆமேப் அந்த எண்ணைச் சொல்லும், அதைப் பார்த்த பிறகு நடக்கத் தொடங்குங்கள்.

டாக்சிக்கு அலிபேக்குள் இருக்கும் டிடி என்ற வாடகை வண்டிச் சேவை போதும். ஓட்டுநரின் செய்தியைச் செயலியே மொழிபெயர்த்துக் காட்டும். வண்டி எண்ணின் கடைசி இலக்கங்களைச் சரிபார்த்து ஏறுங்கள்.

நடக்கும்போது ஒரு எச்சரிக்கை. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. கடக்கும்முன் நம் பழக்கப்படி வலது பக்கம் பார்த்தால் ஆபத்து, முதலில் இடது பக்கம் பாருங்கள். நடப்பவருக்குப் பச்சை விளக்கு எரியும்போதும் வலப்புறம் திரும்பும் வண்டிகள் வரும். மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் நடைபாதையில்கூட வரும்.

எதை எப்போது பார்ப்பது

பண்ட் என்கிற வைத்தான், ஹுவாங்பூ ஆற்றின் மேற்குக் கரையில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் பழைய கட்டட வரிசை. இதைக் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று இரண்டு வேளையும் பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வடக்கே 1907இல் கட்டிய வைபைது இரும்புப் பாலத்தில் தொடங்கித் தெற்கே நடங்கள். பீஸ் ஹோட்டல் 1929, சுங்க மாளிகையின் மணிக்கூண்டு 1927, அதை ஒட்டிய குவிமாடக் கட்டடம் 1923. அந்த நேரத்தில் உடற்பயிற்சி செய்யும் முதியவர்களைத் தவிர ஆள் இருக்காது, கட்டட முகப்புகளை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

இரவில் நான்ஜிங் கிழக்குச் சாலை நிலையத்திலிருந்து கரை வரை மனிதத் தலைகள்தான் தெரியும். விளக்குகள் பருவத்துக்கேற்ப மாலை ஆறரை, ஏழு மணிக்கு எரியத் தொடங்கி இரவு பத்து மணிவாக்கில் அணைந்துவிடும். பத்து மணிக்குப் போய் ஏமாறுகிறவர்கள் ஏராளம். அக்டோபர் 1 முதல் தேசிய விழா விடுமுறையிலும் மே தின விடுமுறையிலும் கூட்டம் மிகுந்தால் அந்த நிலையத்தில் வண்டி நிற்காமலே போகும். சாலைச் சந்திப்புகளில் சீருடைக் காவலர்கள் தோளோடு தோள் சேர்த்து ஒரு வரிசையாக நின்று, விளக்கு மாறும்போது ஒரே நேரத்தில் விலகி வழிவிடுவார்கள். அந்த வாரங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். இரவுக் காட்சியை எதிர்க்கரையான லூஜியாசுய் ஆற்றோர நடைபாதையிலிருந்து பார்த்தால் நெரிசல் குறைவு. பண்ட் முழுவதும் பொன்னிறமாக எதிரே தெரியும். ஆற்றைக் கடக்கச் சுற்றுலாப் படகுக்குப் பணம் கொட்ட வேண்டாம். உள்ளூர் மக்கள் சைக்கிளோடு ஏறும் சாதாரணப் படகுக்கு 2 யுவான்தான்.

ஷாங்காய் கோபுரம் 632 மீட்டர் உயரம், காட்சித் தளம் 118ஆவது மாடியில். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்காதீர்கள். அன்று கீழே நின்று நிமிர்ந்து பாருங்கள். பக்கத்தில் 492 மீட்டர் உயர உலக நிதி மையம் நிற்கிறது; அதன் உச்சியில் சரிவக வடிவில் ஒரு திறப்பு இருக்கும். அது தெளிவாகத் தெரிந்தால் மேலே போங்கள். மேகத்தில் மறைந்திருந்தால் 118ஆவது மாடியில் வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பீர்கள், பணம் திரும்பாது.

யூ தோட்டம் 1559இல் மிங் காலத்தில் தொடங்கியது. அதைச் சுற்றியுள்ள கடைவீதிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதையே தோட்டம் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள் பலர். தோட்டத்துக்குத் தனி வாசல், தனிச் சீட்டு, பாறைகளும் குளங்களும் உள்ளே. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

ஷாங்காய் அருங்காட்சியகத்துக்கு மக்கள் சதுக்கத்தில் ஒரு கட்டடம், பூதோங்கில் 2024இல் திறந்த பெரிய கிழக்குக் கட்டடம் என்று இரண்டு. நம்மவர்கள் பார்க்க வேண்டியவை பழைய வெண்கலப் பாத்திரங்களும் புத்தர் சிற்பங்களும். பிந்தையவற்றில் இந்தியச் சாயல் நூற்றாண்டுகளில் மெல்ல மாறுவது கண்ணுக்கே தெரியும். அனுமதி இலவசம், ஆனால் பாஸ்போர்ட் எண்ணோடு முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். சில நாள் முன்பே செய்யுங்கள், போகும்போது அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள்.

ஒரு மாலையைப் பழைய பிரெஞ்சுப் பகுதிக்கு ஒதுக்குங்கள். 10, 11ஆம் தடங்கள் சந்திக்கும் ஜியாவ்தோங் பல்கலைக்கழக நிலையத்தில் இறங்கினால் சிறிது தூரத்தில் 1924இல் கட்டிய வுகாங் மாளிகை, கப்பலின் முன்பகுதிபோல முச்சந்தியில் நிற்கிறது. அங்கிருந்து வுகாங் சாலை வழியாக ஆன்பு சாலை வரை மரநிழலில் நடக்கலாம். அவசரமில்லாமல் இரண்டு மணி நேரம் வேண்டும்.

நான்ஜிங் சாலையிலும் பண்டிலும் சரளமான ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்து, படம் எடுத்துத் தரச் சொல்லி, பிறகு தேநீர் குடிக்கலாம் வாருங்கள் என்று அழைக்கும் இளைஞர்கள் உண்டு. உள்ளே போனால் சின்னக் கிண்ணங்களில் தேநீர் வரும், முடிவில் ஆயிரக்கணக்கில் பில் வரும். சிரித்துவிட்டு நடையைத் தொடருங்கள். போலீஸ் எண் 110, ஆம்புலன்ஸ் 120. அவசரமில்லாத உதவிக்கு நகர நிர்வாகத்தின் 12345, ஆங்கிலத்தில் பேசலாம்.

சாப்பாடு

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டிய ஊர் இது. சாதாரண உணவகத்தில் சைவம் என்று சொன்னால், இறைச்சித் துண்டு இல்லாத உணவு என்று புரிந்துகொள்வார்கள். பீன்ஸ் வறுவலில் கொத்திய பன்றியிறைச்சி தூவியிருக்கும். கீரை வதக்கலில் பன்றிக்கொழுப்போ சிப்பிச் சாறோ இருக்கலாம். நூடுல்ஸ் சூப் எலும்பு வேகவைத்த நீராகத்தான் இருக்கும். ஆகவே ஒரே சொல்லை நம்பாமல், இறைச்சி, கோழி, மீன், இறால், முட்டை, பன்றிக்கொழுப்பு, சிப்பிச் சாறு, எலும்புச் சூப் எதுவும் கூடாது என்று பெயர் பெயராக எழுதி, சீனத்தில் மொழிபெயர்த்துப் படமாக வைத்துக்கொண்டு, சமையற்காரருக்குக் காட்டச் சொல்லுங்கள்.

நிம்மதியாகச் சாப்பிடப் பௌத்த சைவ உணவகங்கள் இருக்கின்றன. நான்ஜிங் மேற்குச் சாலையில் உள்ள கோங்தெலின் 1922இல் தொடங்கியது. வாத்து, மீன், இறால் உருவத்தில் தட்டு வரும். சோயா, கோதுமைப் புரதம், காளானில் செய்தவை அவை. பௌத்த மரபில் வெங்காயம், பூண்டும் தவிர்ப்பது வழக்கம். வேறு இடங்களில் மாட்டிக்கொண்டால் உருளைக்கிழங்கைச் சன்னமாகச் சீவி வினிகரில் வதக்கும் தூதோவ்ஸு, வெள்ளைச் சோறு இரண்டும் எங்கும் கிடைக்கும்.

அசைவர்களுக்கு ஒரே ஒரு விதி: பட்டியலில் வெறும் ரோ என்று இருந்தால் அது பன்றி. நியூரோ என்றால் மாடு, ஜீரோ என்றால் கோழி. பன்றி வேண்டாதவர்கள் லான்ஜோ நூடுல்ஸ் கடைகளைத் தேடுவார்கள், அவை முஸ்லிம்கள் நடத்துபவை. ஆனால் அங்கே சூப் மாட்டிறைச்சியில் செய்தது. மாடு சாப்பிடாதவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும்.

சியாவ்லோங்பாவ் என்ற ஆவிக் கொழுக்கட்டைக்குள் கொதிக்கும் சூப் இருக்கும். கரண்டியில் வைத்து, ஓரத்தில் சிறு துளை கடித்து, ஆறவிட்டுச் சூப்பை உறிஞ்சிய பிறகு மீதியைத் தின்ன வேண்டும். முழுசாக வாயில் போட்டால் அன்று மாலைவரை நாக்கு எரியும்.

பல உணவகங்களில் மேசையில் ஒட்டிய கோடை ஸ்கேன் செய்துதான் ஆர்டர் கொடுக்க வேண்டும். அலிபேயிலோ வீசாட்டிலோ ஸ்கேன் செய்து, வரும் சீனப் பட்டியலைத் திரைப்பிடிப்பு எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போடுங்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. குழாய் நீர் குடிக்கக் கூடாது. விடுதி அறையில் கெட்டில் இருக்கும், ரயில் நிலையங்களில் வெந்நீர்க் குழாய் இருக்கும். வெந்நீர் தாங்கும் பாட்டில் ஒன்று கொண்டுபோங்கள். கழிப்பறைகளில் காகிதம் இருக்குமென்று சொல்ல முடியாது, பையில் ஒரு சிறு கட்டு இருக்கட்டும்.

எந்த மாதம்

ஏப்ரல், மே, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய. ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை விடாத தூறல், துணி காயாது. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரிக்குமேல் புழுக்கம், இடையிடையே சூறாவளி. ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். ஈரக் குளிர் என்பதால் எலும்பில் ஏறும்.

பக்கத்து ஊருக்கு ஒரு நாள்

சூஜோவுக்கு அதிவேக ரயிலில் அரை மணி நேரம், ஹாங்ஜோவுக்கு ஒரு மணி நேரத்துக்குள். சீன ரயில்வேயின் 12306 செயலியில் ஆங்கிலத்தில் பதிவு செய்யலாம். 15 நாள் முன்பிருந்து டிக்கெட் திறக்கும். பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கு நேரம் எடுக்கும் என்பதால் கணக்கை ஊரிலேயே தொடங்கிவிடுங்கள். காகிதச் சீட்டு கிடையாது, பாஸ்போர்ட்தான் சீட்டு. தானியங்கி வாயில் உங்கள் பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வாயிலுக்குப் போங்கள். ஹோங்சியாவ் நிலையம் ஒரு விமான நிலையம் அளவுக்குப் பெரியது. 45 நிமிடம் முன்பே போய்விடுங்கள். வண்டி கிளம்பும் சில நிமிடம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள், கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். டிக்கெட் எடுக்கும்போது எந்த நிலையம் என்று பாருங்கள்: ஷாங்காய், ஷாங்காய் ஹோங்சியாவ், ஷாங்காய் தெற்கு என்று பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும், ஊரின் வெவ்வேறு மூலையில் இருக்கும்.

ஊர் திரும்பும் நாளில்

வரி திருப்பித் தரும் ஒரே கடையில் ஒரே நாளில் 200 யுவானுக்கோ அதற்குமேலோ வாங்கியிருந்தால், வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி வரித் திருப்பப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். விமான நிலையத்தில் பொருளைச் சுங்க அதிகாரி பார்த்து முத்திரை வைத்த பிறகுதான் பெட்டியைக் கொடுக்க வேண்டும். முதலில் செக்-இன் செய்து பெட்டியை அனுப்பிவிட்டால் காட்டப் பொருள் இருக்காது, பணமும் வராது. இந்த ஒரு வேலைக்காக வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.